பாதி பாட்டில்கள்

11

மாமனாருக்குப் பாதி பாட்டில்களைக் கண்டால் ஆகாது.

பெயிண்ட் கம்பெனி ஒன்றின் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கிடங்கை விட்டு வந்தாரே தவிர, கிடங்கு அவரை விடவில்லை. வீட்டில் பாதி ஷாம்பூ இன்னொரு பாதி ஷாம்பூவோடு சேரும். பாதி சாஸ் பாட்டில் இன்னொன்றின் வாய்மேல் தலைகீழாக ராத்திரி முழுக்கத் தவம் கிடக்கும். ஒரு தடவை பாத்திரம் தேய்க்கிற திரவமும் கை கழுவுகிற திரவமும் பச்சையாக இருந்த ஒரே பாவத்துக்காக ஒன்றாகிப் போயின. வீட்டில் எல்லோர் கையும் சில நாட்களுக்குத் தட்டு மாதிரி பளபளத்தது.

மருமகளுக்கு அதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் இன்று அவள் சிரிக்கிற நிலையில் இல்லை.

சமையல் மேடையில் ஈரத் துண்டை விரித்து, அதன்மேல் ஐஸ் பாளத்தை நிறுத்தி, ரொட்டி வெட்டும் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய பாளம். பிக்னிக் பெட்டியில் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திறந்தே ஃப்ரீசரில் வைத்தால், மேலிருந்து கீழே மெதுவாக உறையும். கலங்கலெல்லாம் அடியில் தங்கிவிடும். இந்தப் பாளமோ நடுவயிறு வரை பால்போல வெளுத்துக் கிடந்தது.

"மாமா, இந்தப் பெட்டிக்கு மூடி போட்டீங்களா?"

"திறந்து கிடந்துச்சும்மா. தூசி விழுமேன்னு மூடினேன்."

ஃப்ரீசருக்குள் என்ன தூசி? கேட்கவில்லை. கேட்டால் அவர் முகம் சுருங்கும். அந்தச் சுருங்கிய முகத்தை ராத்திரிச் சாப்பாடு வரை தூக்கிச் சுமக்க வேண்டும். தெளிவாக இருந்த மேல் பகுதியை மட்டும் அறுத்து எடுத்தாள். இரண்டு கிளாஸுக்கு வரும். அது போதும்.

இரண்டே கிளாஸ்தான். அதில்தான் எல்லாம் இருந்தது.

மாமியார் படுத்த படுக்கையானபோது 'கொஞ்ச நாள்' என்று சொல்லி விட்ட வேலை அது. நகரத்தின் பெரிய ஓட்டல் ஒன்றின் பாரில் மதுபானம் கலக்குகிறவளாக, தலைமைப் பொறுப்புக்கு அடுத்த படியில் நின்றிருந்தாள். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். 'கொஞ்ச நாள்' மட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை. யாரும் அவளைப் போகாதே என்று தடுக்கவில்லை. தடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். எல்லோரும் நல்லவர்களாக இருக்கிற வீட்டில் யாரோடு சண்டை போடுவது?

போன வாரம் எறும்பு போன் செய்தாள். எப்போதும் எதையாவது தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்த பயிற்சிப் பெண்ணுக்கு அவள் வைத்த பெயர் அது. அந்த எறும்பு இப்போது அதே ஓட்டலின் மேலாளர்களில் ஒருத்தி.

"பாரைப் புதுசா கட்டுறோம்க்கா. தலைமைக்கு ஒரு ஆள் வேணும். என் மனசுல நீங்கதான். ஆனா நான் குடிச்சுப் பாத்துட்டேன்னு முதலாளிகிட்ட சொல்லணும்ல? பார் இன்னும் சிமெண்டும் தூசியுமா கிடக்கு, உங்க வீட்டுக்கே வர்றேன். பழைய முறையில ஒண்ணு, இந்த சீசனுக்கு ஒண்ணு குடுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

சரி என்று சொல்லிவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது.

ஏனென்றால் அதற்கு முன்பே ஒரு காய்ச்சல் வந்து போயிருந்தது. போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. சோப்பு, மழை, வதங்குகிற வெங்காயம், கணவனின் சட்டைக் காலர், எதுவுமே இல்லை. நாக்கு இனிப்பையும் புளிப்பையும் கசப்பையும் மட்டும் சொல்லும். மற்றதெல்லாம் மூடிய கதவு. வரும், பொறுத்திருங்கள் என்றார் டாக்டர். எப்போது என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார்.

வீட்டில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கணவன் அன்பாக, ரொம்ப அன்பாக, "அப்ப விட்டுடும்மா, உடம்புதான் முக்கியம்" என்பான். அந்த அன்பு ஒரு பஞ்சு மெத்தை. அதில் விழுந்தால் எழுந்திருக்க முடியாது.

பிளம்ஸ் பழங்களைக் கீறிக் கொட்டை எடுத்து, சர்க்கரையும் நசுக்கிய மிளகும் சேர்த்து அடுப்பில் வைத்தாள். சீசன் பானத்துக்கான சிரப். குமிழ் பெரிதாகி ஓசை தடிமனாகும்போது இறக்க வேண்டும். மூக்கு செய்த வேலையை இப்போது காது செய்தது. கிளாஸ்களைத் துடைக்கக் கொஞ்சம் திரும்பினாள். அவ்வளவுதான்.

பின்னால் அடுப்பு 'டக்' என்று அணைந்தது. மாமனார் நின்றிருந்தார்.

"எதுக்கு மாமா அணைச்சீங்க?"

"சும்மா... தண்ணி குடிக்க வந்தேன்."

தண்ணீர் குடிக்க வந்தவர் தண்ணீர் குடிக்காமலேயே போனார். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். அவள் அடுப்படியில் நின்றால் அவரும் ஏதாவது சாக்கில் வந்து நிற்பார். பால் பாத்திரத்தை எட்டிப் பார்ப்பார். ஃப்ரிட்ஜைத் திறந்து எதையோ எடுத்துக் கொட்டுவார். கிடங்குக் கணக்குப் பார்த்த கண் இப்போது மருமகளை வேவு பார்க்கிறது என்று அவளுக்குள் புகைந்தது.

பாத்திரத்தின் அடியைக் கரண்டியால் சுரண்டினாள். கறுப்பு. நாக்கில் வைத்ததும் கசந்தது. முழுவதையும் தொட்டியில் கொட்டிவிட்டு மறுபடி பழம் கீறத் தொடங்கினாள். கத்தி கட்டைவிரலில் ஏறியது. வலித்ததைவிட எரிச்சல்தான் அதிகம்.

மத்தியானம் அளக்கிற டேப்பை மறந்துவிட்டேன் என்று கணவன் ஓடி வந்தான். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சேதத்தை எழுதிக் கொடுக்கிற சர்வேயர். எங்கோ பஸ்ஸும் வேனும் உரசிக்கொண்டு நின்றனவாம்.

"ஒரு நிமிஷம். இதை நக்கிப் பாருங்க."

"வண்டி ஓட்டணும்மா."

"வெறும் சிரப்பு. சரக்கு இல்ல."

கரண்டியை நக்கினான். "சூப்பர்."

"சூப்பர்னா?"

"சூப்பர்னா... சூப்பர்."

"மிளகு தெரியுதா? எங்கயாவது கருகல் வருதா?"

"ஏன் கருகணும்? நீ செஞ்சதாச்சே."

"நேத்து மார்ட்டினி குடுத்தேன், அதுக்கும் சூப்பர். அதுக்கு முந்தி குடுத்ததுக்கும் சூப்பர். ஒரு கார் இடிச்சா மட்டும் 'இடது மூலையில விரல் அகலத்துக்குக் கீறல், உள்தகடு வளைவு'ன்னு அரைப் பக்கம் எழுதுறீங்க."

"அது உத்தியோகம்மா."

"அப்ப இது?"

டேப்பைத் தேடிக்கொண்டே, கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல் சொன்னான்: "இது உன் ஆசை. ஆசைக்கு எதுக்குக் கணக்கு? அதுவும் உன் மூக்குக்கு முன்னாடி என் மூக்கெல்லாம் ஒரு மூக்கா? ஓட்டல்ல உன்னை நாய்மூக்குன்னுதானே கூப்பிடுவாங்க!"

சிரித்துக்கொண்டே படியிறங்கிவிட்டான். அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. வந்த சொல்லுக்கு முன்னால் அவன் செருப்புச் சத்தம் போய்விட்டது.

நாலு மணிவாக்கில் பாட்டில் அலமாரியைத் திறந்தாள். எல்லாம் பளிச்சென்று, உயர வரிசையில் நின்றன. மாமனாரின் கைவண்ணம். ஜின்னை எடுத்தாள். எடுத்த கை சற்றுத் தாழ்ந்தது.

கனம். கழுத்துவரை இருந்தது.

பாதிதானே இருந்தது? நேற்றுகூட ஊற்றினோமே? விளக்கடியில் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர் போலத் தெளிவு. ஜின் அப்படித்தான் இருக்கும். மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள். பழக்கம். சில்லென்ற ஒரு குத்தல், அவ்வளவுதான். ஒரு துளி நாக்கில் வைத்தாள். எரிந்தது.

"மாமா, அலமாரியிலேர்ந்து ஏதாவது எடுத்தீங்களா?"

"எடுக்கலம்மா. ஒதுக்கித்தான் வெச்சேன்."

எடுக்கவில்லை. குறைந்திருந்தால் சந்தேகப்படலாம், கூடியிருப்பதற்கு யாரைச் சந்தேகப்படுவது? தன்னைத்தான். மூக்கு போனதிலிருந்து அவளுக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கையும் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வந்தது. உப்புப் போட்டோமா, கேஸை மூடினோமா, இந்த பாட்டில் பாதியா முழுசா... எனக்குத்தான் ஞாபகம் பிசகியிருக்கும் என்று முடிவு செய்தாள். ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு பாட்டிலைச் சொன்னவள், கண்ணைத் திறந்துகொண்டே அப்படி முடிவு செய்தாள்.

எறும்பு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"மூணு மாடி, லிஃப்ட் இல்ல. இதுவும் டெஸ்ட்ல சேத்தியாக்கா?"

"மேலாளர் ஆனதும் எறும்பு கொழுத்துப்போச்சு."

"நாற்காலி அப்படிக்கா. உக்காந்தா எந்திரிக்க விடாது."

மாமனார் தண்ணீரோடு வந்தார். நீளக் கழுத்துள்ள, லேபிள் இல்லாத கண்ணாடி பாட்டில். "முதல்ல தண்ணி குடிம்மா" என்று வைத்துவிட்டு, கதவோரம் போய் நின்றுகொண்டார்.

முதலில் மார்ட்டினி. ஜுனிப்பர் காய் மணக்கிற ஜின், வெர்மூத் என்ற மூலிகை ஒயின் கொஞ்சம், ஐஸ், எலுமிச்சைத் தோல். பழமோ பாலோ சர்க்கரையோ கிடையாது. தப்பு செய்தால் ஒளிந்துகொள்ள இடமில்லாத பானம். கலக்கும் கிளாஸில் ஐஸை இறக்கி, நீளக் கரண்டியின் முதுகு கண்ணாடியை ஒட்டியே சுற்றும்படி கலக்கினாள். கைக்கு ஒன்றும் மறக்கவில்லை. ஐஸின் ஓசை கூர்மையிலிருந்து மெல்ல மழுங்குவதைக் காது கேட்டது, வெளிப்புறம் பனி படர்வதை விரல் உணர்ந்தது. இரண்டு கிளாஸில் வடித்தாள். தோலைக் கிளாஸுக்கு மேலே முறுக்கியதும் எண்ணெய்த் தூவல் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. அந்தத் தூவலைக் கண்ணால் மட்டும் பார்ப்பது, சத்தமில்லாமல் ஓடுகிற டிவியைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

எறும்பு ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய். கிளாஸை வைத்தாள்.

"அக்கா, நீங்க குடிச்சுப் பாத்தீங்களா?"

"பாக்காம குடுப்பேனா?" தன் கிளாஸில் கரண்டி நுனியைத் தொட்டு நாக்கில் வைத்திருந்தாள். ஜில்லென்று, கொஞ்சம் கசப்பு. சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"எப்படி இருக்கு, சொல்லுங்க."

நினைவிலிருந்து ஒப்பித்தாள். "முதல்ல ஜுனிப்பர். பைன் மரத்தைக் கீறின மாதிரி நேரா வருது. பின்னாடி மல்லி விதை. கடைசில எலுமிச்சைத் தோல், நாக்கோட ஓரத்துல."

எறும்பின் கண்கள் சுருங்கின. அந்தச் சுருக்கத்திலேயே மருமகளுக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ தப்பு. எது என்றுதான் தெரியவில்லை.

திடீரென்று எறும்பு மேஜையைத் தட்டிச் சிரித்தாள்.

"அம்மாடி! நீங்க மாறவே இல்ல! ஜுனிப்பர் நேரா வருதாம்! எங்கக்கா வருது? பாதிக்குப் பாதி வாசனையில்லாத வோட்கா கலந்து வெச்சுட்டு, மூஞ்சிய இப்படிக் கல்லு மாதிரி வெச்சுக்கிட்டு... அன்னிக்கும் இதே டயலாக்தான். நான் பயந்துபோய் 'பிரமாதமா வருதுக்கா'ன்னு சொல்லிட்டு, ஒரு வாரம் கிளாஸ் கழுவினேன். இன்னிக்கு ஏமாறுவேன்னு நெனச்சீங்களா?"

ஆமாம், அது அவளுடைய பழைய விளையாட்டுதான். புதிதாக வருகிறவர்களின் மூக்கையும் தைரியத்தையும் ஒரே கிளாஸில் சோதிப்பாள்.

அவள் பார்வை மெல்ல நகர்ந்து மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலில் போய் நின்றது. நீளக் கழுத்து. கண்ணாடியில் சுரண்டிய பசையின் தடம். அலமாரியில் பாதியாக இருந்த வோட்கா பாட்டில்.

இரண்டு பாதிகள்.

கதவோரம் மாமனார் வெள்ளை மனசோடு நின்றிருந்தார்.

'இல்லை, எனக்குத் தெரியாது' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் அடுத்த கேள்வி வரும்: உங்களுக்கு எப்படித் தெரியாமல் போச்சு? அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது.

"கண்டுபிடிச்சுட்டியே" என்றாள். குரல் அவளுடையதாகவே இருந்தது. அதுதான் அசிங்கம்.

சீசன் பானத்தைக் கொடுத்தாள். பிளம்ஸின் புளிப்புக்கு எலுமிச்சையை எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நாக்கு மட்டுமே வைத்துப் போராடிப் பிடித்திருந்தாள். அதே ஜின்தான் அதிலும். பழம் அதை மூடிக்கொண்டது. எறும்பு கண்ணை மூடி, "இது... இதுல உங்க கை தெரியுதுக்கா" என்றாள். நியாயமாக அவள் சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. உண்மையில் சம்பாதித்த பாராட்டு, பொய்க்குக் கிடைத்த கைதட்டலுக்குப் பின்னால் வரிசையில் நின்றது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே எறும்பு சொன்னாள்: "வேலை உங்களுக்குத்தான்னு வெச்சுக்கோங்க. திங்கக்கிழமை முதலாளி வர்றார். இதே விளையாட்டை அங்க வெச்சுடலாம், நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க. மூடி வெச்ச கிளாஸ். குடிக்கவே வேணாம், மோந்து பாத்தே சொல்லிடுவாங்கன்னு பந்தயம் கட்டிட்டேன்! நாய்மூக்குன்னா சும்மாவா?"

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். அன்று முழுக்க அடக்கி வைத்தது மொத்தமும் பொங்கி வந்தது.

"எதுக்கு மாமா ஊத்தினீங்க? யார் கேட்டா உங்களை? ஷாம்பூவும் சாஸும் போதாதா? என் பாட்டில்லயும் கை வைக்கணுமா?"

மாமனார் ஒரு அடி பின்வாங்கினார். அவள் அவரிடம் குரல் உயர்த்தியது இதுதான் முதல் தடவை.

"ரெண்டும் பச்சைத் தண்ணி கலர்லதான்மா இருந்துச்சு. லேபிள் படிக்கக் கண்ணாடி இல்ல. அப்பவும் சும்மா ஊத்தல, மோந்து பாத்தேன். ஒண்ணுல கமகமன்னு வாசனை. இன்னொண்ணுல ஒண்ணுமே இல்ல. அதுவும் இதேதான், எப்படியோ வாசனை போயிடுச்சுன்னு நெனச்சேன்."

"போயிடுச்சுன்னா?"

"வாசனை போயிடுச்சேன்னு தூக்கிப் போட மனசு வரலம்மா. நல்லதோட சேத்து வெச்சா அதுக்கும் வந்துடும்ல?"

அவள் வாயில் வைத்திருந்த அடுத்த வசை அங்கேயே கரைந்தது. மாமனார் அவள் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தார். எல்லாக் குமிழும் மூடியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பால் பாத்திரத்தின் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "இது நல்லாருக்கு" என்று மெல்லச் சொல்லி மூடினார்.

தண்ணீர் குடிக்க வந்து குடிக்காமல் போன நாட்களெல்லாம் அவளுக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றன. வேவு என்று நினைத்தாளே! அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குள்ளும் கோபம் இருந்தது. தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? இந்த வீட்டில் எல்லோரும் எல்லோரையும் இப்படிப் பொத்திப் பொத்தியே...

சாவி திரும்பியது. கணவன் உள்ளே வந்தான். பையைக்கூட இறக்காமல், "என்னாச்சு? வந்தாளா? என்ன சொன்னா?" என்றபடியே மேஜைமேல் அவள் தொடாமல் வைத்திருந்த மார்ட்டினியை எடுத்து ஒரு வாய் குடித்தான்.

"சூப்—"

"அந்த வார்த்தை வேணாம்."

அவன் நின்றான்.

"உக்காருங்க. அடிபட்ட வண்டின்னு நெனச்சுக்கோங்க. என்ன இருக்கு, என்ன இல்ல, பாத்துச் சொல்லுங்க."

விளையாட்டு இல்லை என்று அவனுக்குப் புரிந்தது. பையை இறக்கினான். வேலைக்குப் போடுகிற கண்ணாடியை ஏனோ எடுத்து மாட்டிக்கொண்டான். கிளாஸை மூக்கருகே கொண்டுபோய் நிதானமாக முகர்ந்தான். குடித்தான். மறுபடி முகர்ந்தான்.

"நேத்து குடுத்தியே, அதுல பச்சை மரத்தை வெட்டின மாதிரி ஒரு வாசனை இருந்துச்சு. மூக்குல ஏறுற மாதிரி. இதுல அது பாதிதான் இருக்கு." கொஞ்சம் தயங்கினான். "எலுமிச்சை அப்படியே இருக்கு. நடுவுலதான் ஏதோ ஓட்டை."

அவள் அவனையே பார்த்தாள். இத்தனை நாளாக இந்த மூக்கு இந்த வீட்டில்தான் இருந்திருக்கிறது. 'சூப்பர்' என்ற ஒரு சொல்லுக்கு அடியில், யாரும் எடுக்காத பாட்டிலாக.

"இதெல்லாம் ஏன் முன்னாடி சொல்லல?"

"நீ சந்தோஷப்படணும்னுதான்..." கிளாஸை வைத்தான். பிறகுதான் அவனுக்கு அது உறைத்தது. அவள் முகத்தைப் பார்த்தான். "இவ்வளவு பெரிய வித்தியாசம். ஏன் என்னைக் கேக்கற? உனக்குத் தெரியலையா?"

அடுப்படியில் மாமனார், முதுகைக் காட்டி நின்றவர், அசையவில்லை.

திங்கட்கிழமையின் மூடிய கிளாஸ்கள் அவள் கண்முன் வந்தன. பக்கத்தில், பஞ்சு மெத்தையும் விரிந்து தயாராகக் கிடந்தது.

"தெரியல" என்றாள்.